குறட்டை நின்ற வீடு

மெஷின் வந்த மத்தியானம், பஸ் டிரைவர் தன் வீட்டு வாசல் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. பழைய வீடு. ஈரம் குடித்துக் குடித்துக் கதவு ஊதிப் போயிருந்தது. வெளியே நீலச் சீருடையில் ஓர் இளம்பெண், கேமராப் பை மாதிரி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"தூக்க கிளினிக்லேருந்து வர்றேன் சார். மூச்சு மெஷின் கொண்டாந்திருக்கேன்."

"வாம்மா. உனக்காகத்தான் என் வண்டியே காத்திருக்கு."

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கை இல்லை. இருபத்தெட்டு வருடம் வெளியூர் பஸ் ஓட்டியவர் அவர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சிக்னலில் நிற்கும்போதே கண் செருகிவிட்டது. பிரேக்கிலிருந்து கால் நழுவ, நாற்பத்திரண்டு பேரோடு பஸ் மெல்ல உருண்டுபோய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் டிப்போ விடுமா? பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தூக்கத்தில் மணிக்கு ஐம்பது தடவை அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. ஒரு மாதம் மெஷின் மாட்டித் தூங்கி, அதன் ரிப்போர்ட் நன்றாக வந்தால் ஸ்டியரிங். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை டயர் கிடங்குதான்.

இப்போதைக்கு அவரைப் போட்டிருந்த அந்தக் கிடங்குக்குப் பக்கம் என்றுதான் இரண்டு மாதத்துக்கு முன் இந்த வீட்டுக்கே குடி வந்தார்கள். முன்பக்கத்தில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். கடிகாரக் கடை வைத்திருந்து மூடியவர், அதிகம் பேசாதவர். பின்பக்கத்து இரண்டு அறைகள் இவர்களுக்கு.

படுக்கையறையில் மெஷினைக் கட்டிலருகே மேஜைமேல் வைத்து, கிளினிக்காரப் பெண் பாடம் நடத்தினாள். டிரைவரின் மனைவி, கழுத்தில் அளவு நாடா தொங்க, கதவோரம் நின்று கேட்டாள். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில்.

"எடுத்த எடுப்புல மாட்டிட்டுப் படுத்துடாதீங்க சார். படுக்கறதுக்கு அரை மணி முன்னாடியே மாட்டிக்கிட்டு உக்காந்து டிவி பாருங்க. மூஞ்சிக்குப் பழகணும். சாப்பாட்டைச் சீக்கிரம் முடிச்சுடுங்க. ஒருக்களிச்சுப் படுங்க. குழாயைத் தலைக்கு மேல கொக்கியில மாட்டிட்டா, புரண்டாலும் இழுக்காது. பட்டையை இறுக்கிக் கட்டாதீங்க, ரெண்டு விரல் நுழையணும். காலையில மாஸ்க்கை சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க."

"இந்தத் தொட்டியில என்ன ஊத்தணும்?"

"காய்ச்சி வடிச்ச தண்ணி. காத்து ஈரமா வந்தாத்தான் மூக்கு காயாது."

"பேட்டரிக்கு ஊத்துவோமே, அதுவா? நான் மனுஷனா பஸ்ஸான்னு எனக்கே சந்தேகம் வருது."

"ராத்திரி வர்ற சத்தத்த வச்சுப் பார்த்தா பஸ்தான்," என்றாள் மனைவி.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் கடைசி.

முதல் இரண்டு நாள் முகத்தில் நண்டு ஊர்வது மாதிரி இருந்தது அவருக்கு. மூன்றாம் நாள் பழகிவிட்டது. படுத்ததுதான் தெரியும், அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். குறட்டை அடியோடு நின்றது. யாரோ தூரத்தில் 'உஸ்ஸ்' என்று சொல்லிக்கொண்டே இருப்பது மாதிரி மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும்.

ஆறு வருடமாகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேறு அறையில் படுத்தவள் மனைவி. அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பி வந்தாள்.

"இவ்வளவு நாளும் ஒரு மாவு மில்லோட குடும்பம் நடத்தியிருக்கேன்," என்றாள் இருட்டில்.

ஐந்தாம் நாள் ராத்திரி அவளுக்கு விழிப்புத் தட்டியது.

அறை இருட்டாக இருந்தது. மெஷினின் 'உஸ்ஸ்' கேட்டது. அதன் அடியில் வேறு ஒரு சத்தமும் கேட்டது.

மூச்சு.

கணவனின் மூச்சை அவள் அறிவாள். இது அது இல்லை. குட்டையான, அவசரமான மூச்சு. கடைசிப் படி வரை ஓடி வந்தவள், பேச வாயெடுத்துப் பேச முடியாமல் இழுக்கிற மாதிரி. குழாயில் எங்கோ கசிகிறது போலும் என்று நினைத்தாள். கையை நீட்டிக் கணவனைத் தொட்டாள்.

அவர் முகத்தில் மாஸ்க் இல்லை.

இரண்டு மணி வாக்கில் பாத்ரூம் போய்விட்டு வந்து, மாஸ்க்கைக் கொக்கியிலேயே விட்டுவிட்டுப் படுத்திருந்தார். மெஷினை நிறுத்தவும் மறந்திருந்தார். அவள் எழுந்து சுவிட்சை அணைத்தாள். இழுப்புச் சத்தம் உடனே நிற்கவில்லை. இன்னும் நாலைந்து மூச்சு இழுத்துவிட்டுத்தான் நின்றது.

காலையில் அவள், தூக்கக் கலக்கம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் மாஸ்க்கைக் கழுவ எடுத்தபோது அதன் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் எழுந்துபோய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்கும் அடுத்த ராத்திரி டிரைவர் மாஸ்க்கை மாட்டப் போய், முடியாமல் விழித்தார்.

"ஏம்மா, இந்தப் பட்டையை நீ எதுவும் பண்ணினியா? தலைக்கே ஏற மாட்டேங்குது."

அவள் வாங்கிப் பார்த்தாள். பட்டை உள்ளே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அவள் கை தானாகக் கழுத்து நாடாவுக்குப் போயிற்று. கணவன் தலை இருபத்துமூன்றரை அங்குலம், அவளுக்கு மனப்பாடம். பட்டையின் வளையத்தை அளந்தாள்.

இருபது.

இரண்டு தடவை அளந்தாள்.

"இது யாரோ பொம்பளைத் தலை அளவு," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

பதினைந்தாம் நாள் கிளினிக்காரப் பெண் வந்தாள். மெஷினிலிருந்த சின்ன கார்டை எடுத்துத் தன் லேப்டாப்பில் செருகினாள். முகம் மலர்ந்தது.

"பிரமாதம் சார்! தினமும் எட்டு மணி நேரம் மாட்டியிருக்கீங்க. நாலு மணி நேரம் வந்தாலே போதும்னுதான் டிப்போவில கேக்கறாங்க."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். பத்தரைக்குப் படுத்து, இரண்டு மணிக்கு எழுந்தால் அந்த மாஸ்க்கை அவர் மறுபடி தொடுவதே இல்லை. மூன்றரை மணி நேரம். நாலுகூட வராது.

"ஒண்ணுதான் புரியல," என்றாள் அந்தப் பெண், திரையை அவர்கள் பக்கம் திருப்பி. "ரெண்டு மணி வரைக்கும் உங்க மூச்சு நிமிஷத்துக்குப் பதிமூணு. அழகா இருக்கு. அதுக்கப்புறம் முப்பது, முப்பத்திரண்டுன்னு ஓடுது. விடியற வரைக்கும் அப்படியே. ஏதாவது கனவு கினவு வருதா சார்?"

"வருது," என்றார் டிரைவர் சட்டென்று. "வண்டி ஓட்டற மாதிரி கனவு."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கதவைச் சாத்தியதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? நான் மாட்டல, மெஷின் தானா ஓடுதுன்னா? மறுபடி முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கணும். இல்லைன்னா அந்த டயர் நாத்தத்துலயே என் காலம் முடியும். எட்டு மணி நேரம்னு காட்டுதில்ல? காட்டிட்டுப் போகட்டும்."

"ரெண்டு மணிக்கப்புறம் உங்களுக்கு மூச்சு நிக்கிறத நான் பக்கத்துல படுத்து எண்ணிட்டிருக்கேங்க. நேத்து ஒரு தடவை நாற்பது வரைக்கும் எண்ணினேன். உங்களுக்கு வர வேண்டிய காத்த வேற யாரோ குடிக்கறாங்க."

அவர் மனசுக்குள் அந்தச் சொல் மட்டும் மாட்டிக்கொண்டது.

யாரோ.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. கட்டில் தலைமாட்டில் சாய்ந்து, மடியில் டார்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு அவர் எழுந்து போனார், வந்தார், படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை தொடங்கியது. திடீரென்று நின்றது. அந்த இடைவெளியில் அவளுக்குக் கேட்டது.

இழுப்பு.

தைல வாசனை வந்தது. நெஞ்சில் பூசிப் பூசிப் பழசாகிப் போன தைலம்.

அவள் டார்ச்சை அழுத்தினாள்.

கொக்கியில் மாஸ்க் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முக உயரத்தில், அந்தரத்தில் நின்றது. பட்டைகள் விரிந்து, எதையோ சுற்றிப் பிடித்திருந்தன. பட்டைக்குள் ஒன்றுமில்லை. சுவர் தெரிந்தது.

மாஸ்க்கின் மெல்லிய ஓரம் உள்ளே ஒட்டியது.

விலகியது.

ஒட்டியது.

பிறகு, மெல்ல, வெளிச்சம் வந்த பக்கம் திரும்பியது.

டார்ச் கீழே விழுந்து உருண்டது. விடியும்வரை கணவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள்.

பொழுது விடிந்ததும் நேரே போய் முன்பக்கக் கதவைத் தட்டினாள். டிரைவரும் பின்னாலேயே போனார். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவரைத் தூங்கி எழுந்த முகத்தோடு ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த ரூம்ல யாருங்க இருந்தா?" என்றாள்.

அவர் கேள்வி கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் தங்கச்சிம்மா. நெஞ்சு பலவீனம் அவளுக்கு. ஆக்ஸிஜன் மெஷின் வச்சுத்தான் மூச்சே. நாங்க ரெண்டு பேர்தான். அவ கட்டிலை ஒட்டி என் கட்டில். எப்ப கூப்பிட்டாலும் எழுந்திருக்கணும்னு."

அவர் தன் கைகளையே பார்த்தார்.

"பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிடுச்சு. மெஷின் நின்னு போச்சு. அவ கூப்பிட்டிருக்கா. எதிர்வீட்டுக்காரங்களுக்கே கேட்டிருக்கு. பக்கத்துல படுத்திருந்த எனக்குக் கேக்கல. அவ்வளவு குறட்டை. காலையில நான் கண்ணு முழிச்சப்ப, என் படுக்கை விரிப்பு அவ கைப்பிடியில சுருண்டு கிடந்தது. பாதிக் கட்டில் வரைக்கும் இழுத்திருக்கா. அப்பவும் நான் எழுந்திருக்கல."

டிரைவருக்குச் சிக்னலில் உருண்ட பஸ்ஸும், தூக்கத்தில் கேட்ட நாற்பத்திரண்டு பேரின் அலறலும் ஏனோ ஞாபகம் வந்தன.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா குடி வருவீங்களா? நீங்க இருந்தா பயமில்லன்னு நெனச்சேன் தம்பி. வந்த அன்னிக்கே சுவர் தாண்டிக் கேட்டுச்சு உங்க குறட்டை. இந்த ஆள் இருக்கற வரைக்கும் அவ இன்னமும் ராத்திரி ராத்திரி கூப்பிடறது யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன்." நிமிர்ந்து பார்த்தார். "இப்ப கொஞ்ச நாளா உங்க சத்தமே இல்ல."

வேறு வீடு அந்த வாரமே கிடைத்தது. ஆனால் ஒரு மாத ரிப்போர்ட் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் காலி செய்ய எட்டு நாள் கேட்டார்கள். கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டார்கள். மாஸ்க்கை இனி விடியும்வரை கழற்றுவதில்லை என்று டிரைவர் முடிவெடுத்தார். இரண்டு மணிக்கு எழுந்தாலும், திரும்பி வந்து முதல் வேலையாக மாட்டினார். மனைவி பட்டையைச் சரி பார்த்து, இரண்டு விரல் விட்டுப் பார்த்து, அதன்பிறகுதான் படுத்தாள்.

ஏழு ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. பூட்டிய படுக்கையறைக்குள்ளிருந்து மட்டும், விடியற்காலையில், சுவரை நகம் தடவுவது மாதிரி ஒரு சத்தம்.

எட்டாம் ராத்திரி மழை. கரண்ட் போயிற்று.

அவரை எழுப்பியது சத்தம் இல்லை. சத்தம் நின்றதுதான் எழுப்பியது. முகத்தில் காற்று இல்லை. மாஸ்க்கைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. இடப்பக்கம் மனைவியின் மூச்சு, சீராக.

வலப்பக்கம் இன்னொன்று.

தைல வாசனை.

"அண்ணா."

காதுக்குள் சொன்ன மாதிரி இருந்தது. காற்று இல்லாத குரல்.

"அண்ணா... எழுந்திரு."

அவர் அசையவில்லை. அசைய முடியவில்லை. முதுகுக்கடியில் விரிப்பு நகர்ந்தது. ஒரு இழுப்பு. நின்று, இன்னொரு இழுப்பு. ஒவ்வொன்றும் முந்தியதைவிட பலவீனமாக இருந்தது. பேசாமல் கிடந்தால் போதும். இது இத்தனை வருடமாக நடப்பதுதான். இன்னும் சில மூச்சு, அவ்வளவுதான், முடிந்துவிடும்.

அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று.

"இருக்கேம்மா," என்றார். "முழிச்சுட்டேன். முழிச்சுட்டுதான் இருக்கேன்."

இழுப்பு நின்றது.

மழைச் சத்தம்கூட நின்றாற்போல் இருந்தது.

பிறகு, போர்வை மேல் எதையோ தேடி ஊர்ந்து வந்து, ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. சின்னக் கை. ஈர மண் மாதிரிச் சில்லென்று இருந்தது. அவர் கையை உதறவில்லை. நாலரை மணிக்குக் கரண்ட் வரும்வரை, "இருக்கேம்மா, இருக்கேம்மா" என்று அவர் சொல்லிக்கொண்டே கிடந்ததை, எப்போதோ விழித்துக்கொண்ட மனைவி, உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் சாமான் வண்டி வந்தது. சாவியைக் கொடுக்க டிரைவர் முன்பக்கம் போனார். கதவு திறக்க வெகுநேரமாயிற்று. வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பத்து வயது குறைந்த முகம்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. அசந்து தூங்கிட்டேன். எத்தனையோ வருஷத்துக்கப்புறம்..." சொல்ல வந்தவர் நிறுத்தினார். அவர் பார்வை டிரைவரின் மணிக்கட்டில் நின்றது. நாலு விரல் பதிந்த நீலத் தடம்.

"அவளுக்குப் பதில் சொன்னீங்களா?" என்றார், கிசுகிசுப்பாக.

டிரைவர் தலையசைத்தார்.

வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். நன்றி என்றும் சொல்லவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கு மேல் இன்னொரு தாழ்ப்பாளும்.

புது வீட்டில் ஒரு குறையும் இல்லை. மெஷினைத் திருப்பிக் கொடுத்து வேறு ஒன்று வாங்கினார்கள். புது மாஸ்க், புதுக் குழாய். மனைவி வெள்ளைத் துணியில் மெஷினுக்கு ஓர் உறைகூடத் தைத்தாள். ராத்திரிகள் அமைதியாகப் போயின. ரிப்போர்ட்டைப் பார்த்து டிப்போவில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது வாரம், ஒரு மழைநாள் காலை ஒன்பது மணிக்கு, அவர் மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சக்கரம் கைக்குள் வந்ததும் கண் கலங்கிவிட்டது.

பஸ் நிரம்பி வழிந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தன. ஊர் எல்லை தாண்டியதும் கண்டக்டர் முன்னால் வந்தார்.

"அண்ணே, ஒரு வேடிக்கை பாருங்க. பின்னால பத்துப் பேர் நிக்கிறாங்க. உங்க பக்கத்து ஒத்த சீட்டு காலி. உக்காருங்கன்னா யாரும் உக்கார மாட்டேங்கறாங்க."

"ஏனாம்?"

"அங்க சில்லுன்னு இருக்காம்."

டிரைவர் திரும்பவில்லை. சாலையைப் பார்த்தபடியே, ஓரக்கண்ணை மட்டும் அந்தப் பக்கம் விட்டார்.

சீட்டு காலியாகத்தான் இருந்தது. அதன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில், உட்கார்ந்தவர் முகம் வரும் உயரத்தில், உள்பக்கமாக, கையகலத்துக்கு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மூச்சு பட்டுப் படிகிற ஆவி.

அது மறைந்தது.

மறுபடி படர்ந்தது. அவசரம் இல்லாமல், நிதானமாக.

எங்கோ பழகிய நிதானம். ஒரு மைல் தூரம் போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவர் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் அங்கே கண்ணாடி வெளுத்தது.

அவர் மூச்சை அடக்கிப் பார்த்தார்.

கண்ணாடியும் தெளிந்தது. தெளிந்தபடியே காத்திருந்தது.

பின்னால் அறுபது பேர். முன்னால் வளைவுச் சாலை. எவ்வளவு நேரம் அடக்க முடியும்? நெஞ்சு முட்டியது, காது இரண்டும் அடைத்தது. கடைசியில் வாயைத் திறந்தார்.

அவர் மூச்சு விடுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே, கண்ணாடி வெளுத்தது.